அம்மா பசிக்காக இறங்கவில்லை

"சோத்துக்காக நடுரோட்டிலே வண்டியை விட்டு இறங்கினவ" என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பந்தியில் இலை போட்டதும் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். சொல்கிறவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். கேட்கிறவர்கள் புரையேறச் சிரிப்பார்கள். அந்த இறங்கினவள் என் அம்மா.

போன மாதம் ரங்கூனில் என் வீட்டுக்குத் தம்பி மகள் வந்திருந்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும், பேசுவது முக்கால்வாசி பர்மியத்தில். சிநேகிதிகளோடு மோல்மேன் போகிறாளாம். "வழியிலே எங்கெங்கே நிறுத்திச் சாப்பிடலாம் அத்தை?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு, "சோத்துக்காக இறங்கின அந்தக் கடை இன்னும் இருக்கா?" என்றாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முந்தி நடந்தது. அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். 

இதை அவளுக்காக எழுதவில்லை. என் வயதுக்காரர்களுக்கும் எனக்கு மூத்தவர்களுக்கும் எழுதுகிறேன். முட்டி தேய்ந்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைப் படிக்க முடியாமல் இருக்கும் நாம்தானே அந்தப் பழைய சாலையில் போனவர்கள்? மோல்மேன் ஆற்றுக்கு அப்போது பாலம் இல்லை. படகில்தான் கடக்க வேண்டும். போய்ச் சேரும்போது புழுதியில் எல்லார் தலைமுடியும் செம்பட்டையாகியிருக்கும். நான் சொல்வது உங்களுக்குத்தான் விளங்கும்.

கலவரத்தில் பள்ளிக்கூடம் மூடி மூடித் திறந்த வருஷங்களுக்குக் கொஞ்சம் பின்னால், தொண்ணூறுகளின் ஆரம்பம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. ரங்கூனில், தின்கன்ஜூன் பேட்டையில், பெரியப்பா வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். அப்பா கியாக்டடாவில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அங்கே பத்துப் பேர் அவரை மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். வீட்டுக்கு வந்து பெரியப்பா முன்னால் நின்றால் உட்காரக்கூட மாட்டார். பெரியப்பா பஸ், லாரி உதிரிச் சாமான் கடை வைத்திருந்தார். ரங்கூனில் ஓடிய பாதி பஸ் டிரைவர்கள் அவர் கடைப் பலகையில் உட்கார்ந்து பீடி குடித்தவர்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன பிக்கப் வண்டி. மேலே தார்ப்பாய், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு மரப்பலகை.

அந்தக் கோடையில் மோல்மேனில் அத்தை மகளுக்குக் கல்யாணம். பெரியப்பா வண்டியிலேயே எல்லாரும் போவதென்று முடிவானது. எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கல்யாணத்துக்காக இல்லை, வழியில் கடைகளில் சாப்பிடலாம் என்பதற்காக. நம் வீடுகளில் அந்தக் காலத்தில் வெளியே சாப்பிடுவது என்பது எப்போதாவது தெருமுனையில் மீன்சாறு ஊற்றிய சேமியா, மொய்ங்கா ஒரு கிண்ணம், அதோடு சரி.

பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பர்மாக்காரர் கடையில் மாட்டுக்கறி கிண்டிய கரண்டியாலேயே மீனையும் கிண்டுவார்கள் என்பது அவர் எண்ணம். முந்தின நாள் சாயங்காலமே தேங்காய்ப்பால் சோறு ஆக்கி, தேங்காய்த் துவையல் அரைத்து, நாலடுக்குத் தூக்குச்சட்டியில் வாழையிலை விரித்து, ஆவி பறக்கப் பறக்க அடைத்து மூடினார். "ஆறட்டுமே அக்கா" என்று அம்மா சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "எனக்குச் சோறு கட்டத் தெரியாதா?" என்றார் பெரியம்மா.  அந்த வீட்டில் அம்மா எதற்குமே இரண்டாவது வார்த்தை சொன்னதில்லை.

விடியும் நேரத்தில் கிளம்பினோம். பெகுவில் முதல் நிறுத்தம், தேத்தண்ணிக் கடை. முழங்கால் உயரத்து மேஜை, அதைவிடச் சின்ன முக்காலி. பெரியப்பா தேத்தண்ணியைச் சாசரில் ஊற்றி உறிஞ்சினார். எண்ணெயில் பொரித்த நீள மாவுப்பண்டமான ஈச்சாகுவேயைப் பிய்த்து நான் பால் தேத்தண்ணியில் முக்கி முக்கித் தின்றேன். அடியில் ஊறிக் கிடந்த துண்டை விரலால் எடுத்ததற்கு அப்பா முறைத்தார். அந்த ருசி இப்போதும் என் நாக்கில் இருக்கிறது. இந்தக் கதையில் யாருக்கும் கெடுதல் நேராத ஒரே இடம் அதுதான்.

சித்தாங் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சோற்றுக்கடை. தென்னங்கீற்றுக் கூரை, மண் தரை, முன்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் இரண்டு லைன் பஸ்கள் நின்றன. மணி பத்தரை இருக்கும். கடை முகப்பில் ஒரே வரிசையாக அலுமினியச் சட்டிகள். மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார் கடைக்காரம்மா. ஆற்று மீன், இறால், கோழி, பன்றி எல்லாம் செக்கச் செவேலென்று எண்ணெய் மிதக்க. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் பித்தளைக் கரண்டி. ஒவ்வொரு சட்டிக்கும் தனிக் கரண்டி போட்டிருந்ததை நான் பார்த்தேன். பெரியம்மா பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் வண்டியை விட்டே இறங்கவில்லை.

ஒரு கறிதான் கேட்போம். ஆனால் மேஜை நிறைந்துவிடும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புளிச்சக்கீரை ரசம் ஒரு கிண்ணம். ஒரு தட்டு நிறைய வெள்ளரி, மாங்காய், கத்தரிப்பிஞ்சு, வல்லாரை. அதைத் தோய்க்க, மீனைப் புளிக்கவைத்துச் செய்த ஙப்பிக் குழம்பு. சோறு தீரத் தீரப் போடுவார்கள். ரசம் தீரத் தீர ஊற்றுவார்கள். கடைசியில் பனைவெல்லத் துண்டு. அப்பா, அம்மா, பெரியப்பா, நான் நாலு பேரும் மீன் கறி சாப்பிட்டோம். தம்பி வண்டியில் பெரியம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைக்காரம்மா என் அருகில் வந்து, "சாப்பிடு, சாப்பிடு, வெக்கம் வாணாம்" என்று தமிழில் சொன்னார். ரயில் பாதை வேலைக்கு வந்த நம் ஆட்கள் அங்கே சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருக்கு நாலு வார்த்தை வந்திருந்தது. என்னைத் "தமீ" என்றார். பர்மியத்தில் மகளே என்று அர்த்தம். எனக்கு மூன்றாம் தடவையும் ரசம் ஊற்றினார். கிளம்பும்போது வண்டியில் இருந்த பெரியம்மாவுக்கு ஒரு கோப்பை வெறுந்தேயிலைத் தண்ணீர் கொண்டுபோனார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார். இதை நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கடையின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பெரியம்மா வாயில் படவில்லை.

மோல்மேனுக்கு எதிர்க்கரையில், மொட்டமா படகுத்துறையில், வண்டியை ஏற்றும் படகுக்காக மூன்று மணி நேரம் நின்றோம். நல்ல வெயில். தார்ப்பாயைத் தொட்டால் கை சுடும். தலையில் தாம்பாளத்தோடு காடை முட்டை, இறால் வடை, சோளக்கதிர் விற்கும் பெண்கள் வண்டியைச் சுற்றி வந்தார்கள். பெரியம்மா அவர்களை விரட்டிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார். திறந்ததும் ஒரு புளித்த வாடை வந்தது. நான் மூக்கைச் சுளித்தேன். "உனக்குக் கடைச் சோறுதான் இறங்கும், தெரியுமே" என்றார். அவர் சாப்பிட்டார். பெரியப்பாவுக்குக் கொடுத்தார். தூங்கி எழுந்து பசியில் அழுத தம்பிக்கு உருட்டி உருட்டி ஊட்டினார். அம்மா அப்போது படிக்கட்டில் துணி நனைத்து எடுத்துவரப் போயிருந்தார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் வாடை வந்திருக்கும்.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முதலில் பெரியம்மா, அப்புறம் பெரியப்பா. பெரியவர்கள் இருவரும் கொல்லைக்கும் நடைக்குமாக அலைந்து ஓய்ந்தார்கள். தம்பிதான் துவண்டுவிட்டான். கண் மேலே செருகிக்கொண்டது. அம்மா அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார், செருப்பில்லாமல். நானும் அப்பாவும் பின்னால் ஓடினோம்.

டாக்டர் வயதான பர்மாக்காரர். தம்பிக்குக் கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார். பிறகு எங்களைப் பார்த்து, "இன்றைக்கு என்னென்ன சாப்பிட்டீர்கள்? யார் யார் எதைச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

பின்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த பெரியப்பா முந்திக்கொண்டார். "பாலத்துக்குப் பக்கத்திலே ஒரு சோத்துக்கடை. அங்கேதான். அந்தக் கிழவி பழைய மீனைப் போட்டு எங்களைக் கொல்லப் பார்த்துட்டா."

எனக்குப் பர்மியம் நன்றாக வரும். நான் சொன்னேன்: "தம்பி அங்கே சாப்பிடலை, தூங்கிட்டிருந்தான். பெரியம்மாவும் சாப்பிடலை. நான் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

அப்பா என் கன்னத்தில் அறைந்தார்.

அதற்கு முன் அவர் என்னை அடித்ததில்லை. வலியைவிட ஆச்சரியம்தான் எனக்கு. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.  நான் காதுக்குள் கொய்யென்று சத்தம் கேட்க, தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கு வாத்தியார் வகுப்பில் கேட்டால் ஒன்றாங்கிளாஸ் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். நாலு பெரியவர்கள் நின்ற அறையில் அதைச் சொன்னதற்கு எனக்கு அறை.

தம்பி பிழைத்துக்கொண்டான். கல்யாணம் நடந்தது. ஒரு வாரம் கழித்து ரங்கூனுக்குத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் பெரியப்பா அந்தக் கடையைப் பற்றியே பேசினார். பேசப் பேச அவரே அதை நம்பிவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். தூங்குமூஞ்சி மரத்தடியில் பஸ்கள் நின்றன, கடை நிறையக் கூட்டம். பெரியப்பா வண்டியை நிறுத்தி இறங்கினார். நாங்கள் பின்பலகையில் இருந்தோம். அவர் நேராகப் போய் முகப்பில் நின்று கத்தினார். "ஏய், விஷம் வச்சு விக்கிறியா? என் தம்பி பிள்ளை செத்துப் பொழைச்சான்! யாரும் தின்னாதீங்க, இவ கறியிலே விஷம்!" எல்லாம் நல்ல பர்மியத்தில். கால் எட்டும் தூரத்தில் இருந்த ரசச் சட்டியை உதைத்தார். புளிச்சக்கீரையும் தண்ணீருமாக மண்ணில் ஓடியது.

கடைக்காரம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "குழந்தை இப்போ எப்படி இருக்கு?"

பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து கத்தினார். கடைக்காரம்மாவின் கண்கள் வண்டிக்கு வந்தன. என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "தமீ, நீயும்தானே சாப்பிட்டே? மூணு கிண்ணம் ரசம் குடிச்சியே. உனக்கு ஏதாவது ஆச்சா? நீ சொல்லு."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் கை முழங்காலில் இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன்.

அவ்வளவுதான். ஒருவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். பஸ் கண்டக்டர் தகரத்தில் தட்டி ஆட்களைக் கூப்பிட்டான். வாயில் இருந்த சோற்றைத் துப்பிவிட்டுப் போன ஒரு பொம்பிளையை எனக்கு இன்றைக்கும் அடையாளம் தெரியும்.

அப்போதுதான் அம்மா இறங்கினார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்படியில் கால் வைத்து, மெதுவாக. நேராகப் போய் நடு மேஜையில் உட்கார்ந்தார். "அமா, ஒரு தட்டுச் சோறு. மீன் கறி" என்றார். பர்மியத்தில் அமா என்றால் அக்கா. கடைக்காரம்மா அசையாமல் நின்றார். அம்மா மறுபடியும் கேட்டார். தட்டு வந்தது. அம்மா பிசைந்து சாப்பிட்டார். பிறகு அதே தட்டிலிருந்து ஒரு கவளத்தைக் குழைய மசித்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தம்பி வாயில் வைத்தார். செத்துப் பிழைத்தான் என்று சொன்னார்களே, அந்தத் தம்பி வாயில். அவன் தின்றான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. "டேய், உன் பெண்டாட்டியைக் கூப்பிடு" என்றார் அப்பாவிடம். அப்பா இறங்கினார். இரண்டு எட்டு வைத்தார். "வா, போகலாம்" என்றார். அம்மா தலையைத் தூக்கவில்லை. பெரியப்பா ஏறி வண்டியைக் கிளப்பினார். நான் குதித்துவிட்டேன். அப்பா அங்கேயும் இங்கேயுமாகப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. அவர் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து வண்டியில் ஏறிக்கொண்டார். "பின்னாடி பஸ்ஸிலே வந்துடுங்க" என்று கத்தியது புழுதிக்குள்ளிருந்து கேட்டது.

இதைத்தான் ஐயா, சோத்துக்காக இறங்கினாள் என்கிறார்கள்.

பஸ்களும் போய்விட்டன. கடையில் நாங்கள் மூன்று பேரும் கடைக்காரம்மாவும்தான். மேஜைகளில் பாதி தின்ற தட்டுகள், ஈ மொய்த்துக்கொண்டு. அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "என் மீன்தானா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டார்.

"இல்லை அமா. எங்க வீட்டுச் சோறு. கட்டிக்கொண்டு வந்தது கெட்டுப்போச்சு" என்றார் அம்மா. சொல்லும்போது அழுதுவிட்டார்.

கடைக்காரம்மா சமாதானம் சொல்லவில்லை. "இதை அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கணும்" என்றார். "நீ சாப்பிட்டே, சரி. அதை எத்தனை பேர் பார்த்தாங்க? அவன் கத்தினது அத்தனை பேர் காதிலேயும் விழுந்துச்சு. இப்போ எனக்குச் சொல்றே. எனக்கு என் கறியைத் தெரியும். அவங்களுக்கில்லே தெரியணும்?"

 கடைக்காரம்மா எழுந்து தட்டுகளை ஒவ்வொன்றாக நாய்க்குக் கவிழ்த்தார். அடுத்து வந்த ரங்கூன் பஸ்ஸை அவரே சாலையில் நின்று கை காட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது. அம்மாவை நான் அன்று மலைபோல நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது நாலு வார்த்தை. அம்மாவிடம் அது இல்லை. என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை.

ரங்கூனில் இறங்கி தின்கன்ஜூனுக்குப் போகவில்லை. லத்தாவில் மாமா வீட்டுக்குப் போனோம். கீழே கருவாட்டு மொத்தக் கடை, மேலே மூன்றாம் மாடியில் ஓர் அறை. படிக்கட்டெல்லாம் கருவாட்டு வாடை. பதினோரு நாள் இருந்தோம். பன்னிரண்டாம் நாள் அப்பா ஒரு பை மாம்பழத்தோடு வந்து படியில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன்கிட்டே போய், நம்ம வீட்டுச் சோறுதான் கெட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வர்றேன்" என்றார் அம்மா.

"அண்ணன்கிட்டே எப்படி..."

"என்னை அடிக்கத் தெரியலே, புள்ளையை மட்டும் அடிக்கத் தெரிஞ்சுதா?"

அப்பா மாம்பழப் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவர் போய்ச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. என் புத்தகமெல்லாம் தின்கன்ஜூனில் இருந்தது. அம்மா திரும்பிப் போனார். வேறென்ன செய்வார்? ஆனால் அதற்குப் பிறகு பெரியப்பா வண்டியில் அம்மா ஒரு நாளும் ஏறியதில்லை. மழை கொட்டினாலும் நடந்துதான் போவார்.

பெரியப்பா தன் கடைப் பலகையில் உட்காரும் டிரைவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னார். பாலத்துக்கு அந்தாண்டை அந்தக் கடையில் நிறுத்தாதே என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வரும்போது நானே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

ஆற்றுக்குப் பாலம் திறந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மோல்மேன். அவர்கள் பஸ் பிடித்து அந்தச் சாலையில்தான் வந்தார்கள். பந்தியில் பேச்சு தானாகவே வழிக்கடைகளைப் பற்றித் திரும்பியது. பெகுவில் இது நன்றாயிருந்தது, கியாக்டோவில் அது நன்றாயிருந்தது என்று சம்பந்திகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "அந்தக் காலத்திலே சித்தாங் பாலத்துக்கிட்டே ஒரு கடை இருந்துச்சு, ஆளைக் கொல்ற கடை. அவ்வளவு நடந்தும் என் தம்பி சம்சாரம் இருக்காளே, எனக்குச் சோறு வேணும்னு நடுரோட்டிலே இறங்கிட்டா!"

சம்பந்திகள் சிரித்தார்கள். அப்பா புன்னகை செய்தார். அம்மா கையில் ரச வாளியோடு அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

நான் மாலையும் கழுத்துமாக எழுந்தேன். "நிறுத்துங்க பெரியப்பா" என்றேன். குரல் சத்தமாகத்தான் வந்தது. "கெட்டுப்போனது நம்ம வீட்டுச் சோறு. போகும்போது தம்பி அந்தக் கடையிலே ஒரு பருக்கை தின்னலை. பெரியம்மா தண்ணிகூடக் குடிக்கலை. கடையிலே மட்டும் சாப்பிட்ட மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்தம்மாவை நீங்க கூட்டத்திலே வச்சு நாசம் பண்ணீங்க."

"கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?" என்றார் பெரியப்பா.

"புள்ளை சொல்றது நெசம்தான்." பெரியம்மாவின் குரல். இலையைப் பார்த்தபடியே சொன்னார். "மூடியைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும். வீட்டுச் சோறு கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றதுன்னு நானும் தின்னேன், குழந்தைக்கும் ஊட்டினேன். அன்னைக்கே இவர்கிட்டே சொன்னேன். வாயை மூடுன்னார்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மிக மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அந்த டாக்டரும் மறுநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்மா" என்றார்.

ஆக, திரும்பி வரும் வழியில் அந்த வண்டியில் இருந்த அத்தனை பெரியவர்களுக்கும் தெரியும். சந்தேகமாகக்கூட இல்லை, நிச்சயமாகத் தெரியும். தெரிந்துகொண்டே ரசச் சட்டியை உதைத்தார் ஒருவர். தெரிந்துகொண்டே வண்டியில் உட்கார்ந்திருந்தார் இன்னொருவர். தெரிந்துகொண்டே பிளாஸ்கை மடியில் வைத்திருந்தார் மூன்றாமவர். இத்தனை வருஷம் நான் பெரியப்பா ஏமாந்தார், அப்பா பயந்தார், பெரியம்மாவுக்குப் புரியவில்லை என்று ஆளுக்கொரு மன்னிப்பு செய்து வைத்திருந்தேன். எல்லாம் என் முட்டாள்தனம்.

கூடத்தில் யாரோ, "பாயசம் எங்கேப்பா?" என்று குரல் கொடுத்தார்கள். பந்தி தொடர்ந்தது. அடுத்த கல்யாணத்தில் யாருக்கும் நான் பேசியது நினைவில்லை. அந்தக் கேலி மட்டும் நினைவிருந்தது.

கல்யாணமாகி மோல்மேன் போகும் வழியில் கணவரிடம் சொல்லி அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் செய்தேன். மரம் இருந்தது. கடை இல்லை. மரத்தடியில் பம்ளிமாஸ் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"அதுவா? பஸ்ஸெல்லாம் நிக்காம போச்சு. ரெண்டு மழைக்காலம் தாக்குப்பிடிச்சா. அப்புறம் தங்கச்சி ஊருக்குப் போயிட்டா. எந்த ஊருன்னு தெரியலை. அவ கறியைத் தின்னு ஒரு கலா குழந்தை செத்துப்போச்சாம்."

கலா என்றால் நாம்தான், இந்தியர்கள்.

"சாகலை" என்றேன். "அவன் என் தம்பி. நல்லா இருக்கான். அவனுக்கு அவங்க கறியைத் தின்னு ஒண்ணும் ஆகலை." அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பம்ளிமாஸ் வேண்டுமா என்று கேட்டாள். பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

அந்த அம்மாள் உயிரோடு இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார். எந்த ஊரில் தேடுவது? பேர்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. அவரிடம் போய்ச் சேராது என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த நாளில் அந்தப் பஸ்களில் போனவர்கள் நம் ஆட்களும்தான். பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவர்களில் நீங்கள் யாராவது இருந்தால், அல்லது அந்தக் கடையில் நிறுத்தாதே என்று டிரைவரிடம் சொன்னவர்களில் இருந்தால், அன்றைக்கு நான் தலைகுனிந்து விழுங்கிய பதிலை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தச் சோறு நல்ல சோறு.